ஐப்பசி மழையில் கூண்டு வண்டி

மழையில் நனையாமலிருக்க வீட்டிலேயே இருந்துவிடலாம். மழையின் நடுவிலேயே இருந்துகொண்டு நனையாமலும் இருப்பதற்குத்தான் கலை வேண்டும். கனடா, ஸ்காட்லாந்து முதலிய வடதேசங்களில், மோட்டாரின் பின்னே ஒரு சிறு வீட்டைப் பூட்டி இழுத்துக்கொண்டு, அடிக்கடி மழை பெய்யும் வனங்களில் இராத்தங்கிச் செல்வதைப் பேரின்பமாகக் கொள்ளும் பிரயாணிகள் உண்டு. அந்த இன்பத்தைத் தொண்டை மண்டலம் வெகு காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது என்பதற்குச் செங்கற்பட்டுச் சீமையின் கூண்டு வண்டியே சாட்சி.

காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையன்மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வாணிகர்களாகிய உமணர்களின் வண்டி வரிசை வருகிறது. புல் வேய்ந்த கூரை, வாயிலருகே கோழி அடையும் கூடு, தொங்கவிட்ட சிறு உரல், காடிப் பானை, கைக்குழந்தையோடு மாடுகளை ஓட்டும் தாய், பக்கத்தே வேப்பந்தழைக் கண்ணி சூடி நடந்துவரும் ஆடவர் என்று, ஒரு குடும்பத்தின் வாழ்வனைத்தையும் அச்சின்மேல் ஏற்றிக் காட்டுகிறார் புலவர்; அந்தக் கூரையோ அவர் கண்ணுக்கு மழைமேகம் கவிந்த குன்றாகவே தோன்றுகிறது. மேட்டிலும் பள்ளத்திலும் என்ன நேருமோ என்று உமணர் வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சை, புறநானூற்றில் ஔவையார் ஒரு தலைவனுக்கே உவமையாக்கினார் என்றால், வழிப்பயணத்தின் முன்யோசனையை நம்மவர் எவ்வளவு மதித்தார்கள் என்பது விளங்கும்.

நல்ல வண்டியின் லட்சணம் சக்கரத்தில் தொடங்குகிறது. குடத்திலிருந்து புறப்பட்ட ஆரக்கால்கள் வட்டையில் பொருந்திய பின், வறட்டித் தீயில் செக்கச்செவேலென்று காய்ந்த இரும்புப் பட்டாவை அதன்மேல் மாட்டி உடனே தண்ணீர் ஊற்ற, இரும்பு சுருங்கி மரம் முழுவதையும் இறுகப் பற்றிக்கொள்ளும். தச்சனும் கொல்லனும் ஒருமித்த அந்தக் கணத்தில்தான் சக்கரம் பிறக்கிறது. மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிப் பாய் போர்த்திய கூண்டிலோ, வளைவே உயிர். வளைவு சரியாக அமைந்தால் நீர் நில்லாமல் இருபுறமும் வழிந்துவிடும். சற்று மட்டமானாலும் ஒரு பாட்டம் மழைக்குள் பாய் ஊறி ஒழுகத் தொடங்கும். சாரல் அடிக்கும் பக்கம் ஒரு கோணியைத் தொங்கவிட்டால் மறுபக்கம் முழுவதும் திறந்தே கிடக்கும். செங்கற்பட்டின் கொளவாய் ஏரி தளும்பும் ஐப்பசி கார்த்திகையில், வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்பும் கோலத்தைப் படுத்தபடியே பார்த்துக்கொண்டு போகலாம்.

ஆயினும் எனக்குப் பெரு வியப்பைத் தருவது வண்டியில் பரப்பிய வைக்கோல்தான். ஜமக்காளத்தின் கீழே இரவெல்லாம் மெத்தையாக இருப்பது, விடிந்தால் மாடுகளுக்குத் தீனியாகிறது. அதையே எரித்த கரியை விளக்கெண்ணெயில் குழைத்தால் அச்சுக்கு மையாகிறது. செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர், மாட்டின் நடைக்கு ஓரிரவுப் பிரயாணம். நடுவே திருக்கழுக்குன்றத்துச் சங்கு தீர்த்தக் குளக்கரையில் மாடுகளை அவிழ்த்து, நுகத்தடிக்கு முட்டுக் கொடுத்து வண்டியை மட்டமாக நிறுத்திவிட்டால், மேலே பிரயாணிக்கு வீடும், கீழே நனையாத அந்த ஒரு சாண் நிலத்தில் வண்டிக்காரருக்குத் திண்ணையும் அமைந்துவிடுகின்றன.

அந்த வழி முடியுமிடத்தில், பல்லவச் சிற்பிகள் 7-ஆம் நூற்றாண்டில் பாறையில் வடித்த ரதங்கள் நிற்கின்றன. திரௌபதி ரதம் வேய்ந்த குடிசை. பீம ரதத்தின் நீண்ட கூரையோ சாட்சாத் கூண்டின் வளைவே. கருங்கல்லுக்கு ஒழுகும் என்ற பயமில்லை, ஆகையால் வளைவும் தேவையில்லை; ஆயினும் மூங்கிலும் ஓலையும் மழைக்காகக் கண்டுபிடித்த வடிவம் அழகின் பொருட்டே வாழத் தக்கது என்று அந்த மகா சிற்பிகள் தீர்மானித்திருக்கிறார்கள்.

இன்று வயல்களில் டயர் வண்டிகளே மிகுதி. கூண்டு கட்டத் தெரிந்த கைகள் அருகிவிட்டன. சக்கரத்தின்மேல் வீடு கட்டுகிறவர்கள் அதில் எத்தனை வசதிகள் அடங்கும் என்று எண்ணுவது இயல்பு; ஒரே பொருள் எத்தனை வேலைக்கு ஆகும் என்று எண்ணியவர் நம் கிராமத்துத் தச்சர். அந்த அளவுகோலைக் கொண்டு பார்த்தால், அவர் வளைத்த கூண்டைவிட உயர்ந்த பிரயாண வீடு ஒன்றை நான் அறியேன்.