கடைக்கு வராத கேப்டன் டைகர்

இந்த வருஷம் படித்ததில் பிடித்த காமிக்ஸ் என்று பட்டியல் போட உட்கார்ந்தால் எல்லாமே பழசு. புதுசு வராமல் இல்லை. சிவகாசியிலிருந்து லயனும் முத்துவும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. என் கைக்கு வந்து சேர்வதில்தான் தகராறு. அதை அப்புறம் புலம்புகிறேன்.

முதலிடம், சந்தேகமே இல்லாமல் 'மின்னும் மரணம்'. 2015-ல் வண்ணத்தில் ஒரே குண்டுப் புத்தகமாக வந்த கேப்டன் டைகர் சாகசம். பிரெஞ்சில் இவர் பெயர் ப்ளூபெர்ரி. 1963-ல் ஆரம்பித்த தொடர். எழுத்து ஷார்லியே, சித்திரம் ஜிரோ. (ஜாம் பாட்டில் பெயரோடு நம்மூரில் குதிரை ஏறியிருந்தால் எடுபட்டிருக்குமா? டைகர் என்று மாற்றிய புண்ணியவானுக்கு ஒரு கும்பிடு.) மெக்ஸிகோவில் பதுக்கிய தங்கத்தைத் தேடப் போகிறவர், திருட்டுப் பட்டத்தோடு ஜெயிலுக்குப் போகிறார். கடைசியில் ஜனாதிபதி கிராண்டையே கொல்லப் பார்த்தவர் என்ற பழி வரை தலையில் விழுகிறது. தங்கமெல்லாம் ஒரு சாக்கு. ஒரு மனுஷன் போன மானத்தை மீட்க எத்தனை நாய்படாத பாடு படவேண்டும் என்பதுதான் கதை. உடைந்த மூக்கு, சவரம் செய்யாத முகம், சட்டையெல்லாம் புழுதி. ஜிரோ வரைந்த பாலைவனத்தைப் பார்த்தாலே தண்ணீர் தவிக்கிறது.

பக்கத்தில் டெக்ஸ் வில்லரை வைத்துப் பாருங்கள். 1948-லிருந்து இத்தாலியில் சுட்டுக்கொண்டே இருக்கிறார். தப்பே பண்ண மாட்டார், எம்.ஜி.ஆர். மாதிரி. பஸ்ஸில் படிக்க ஜோர். இறங்கியதும் மறந்துவிடும். டெக்ஸ் ரசிகர்கள் மன்னிக்கவும். மன்னிக்க மாட்டார்கள், தெரியும்.

1972-ல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவியையும் மறுபதிப்பில் புரட்டினேன். கரண்ட் பாய்ந்தால் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும். பவர் கட்டில் என்ன செய்வார் என்று கேட்கக்கூடாது. கதை இப்போது கொஞ்சம் பிள்ளை விளையாட்டாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை நிழல்கள்! அதற்குப் போய் யாராவது கலர் அடித்தால் நான் உண்ணாவிரதம் இருப்பேன்.

இனி புலம்பல். எங்கள் ஐயங்கார்குளத்தைப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். சித்ரா பௌர்ணமிக்குக் காஞ்சி வரதர் வந்து நடவாவிக் கிணற்றில் இறங்கும் ஊர். பெருமாள் வருகிறார், காமிக்ஸ் வரமாட்டேன் என்கிறது. பணம் கட்டினால், 'காஞ்சிபுரம் ஆபீஸுக்கு வந்து வாங்கிக்குங்க சார்' என்கிறது ஒரு கூரியர் கம்பெனி. போனால் ஞாயிற்றுக்கிழமை லீவு. ஒருமுறை மூலை மடங்கி, மழையில் நனைந்து வந்தது. அட்டையில் டைகருக்கு ஜலதோஷம்.

எனக்காவது பணம் கட்டத் தெரியும். பத்து வயசுப் பையன் என்ன செய்வான்? 1984-ல் ராணி காமிக்ஸ் ஒன்றரை ரூபாய்க்கு வந்தது. பத்திரிகை ஏஜென்டுகள் போகிற ஊருக்கெல்லாம் போய், பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கியது. கடலைமிட்டாய் வாங்க வந்தவன் ஜேம்ஸ் பாண்டோடு திரும்பினான். 2005-ல் அது நின்றது. இப்போது தமிழ் காமிக்ஸ் வேண்டுமென்றால் அப்படி ஒன்று இருப்பது முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும். சந்தா, இணையம், புத்தகக் காட்சி, சில ஊர்களில் சில கடைகள், அவ்வளவுதான். தற்செயலாகக் கண்ணில் படுகிற பாக்கியம் இல்லை.

பதிப்பாளரைத் திட்டவும் மனசு வரவில்லை. கடைக்கு அனுப்பினால் காசு எப்போது திரும்புமோ, விற்காத கட்டு எந்த நிலையில் திரும்புமோ. முன்பணம் கட்டுகிற சில ஆயிரம் பேரை நம்பித்தான் வெளிநாட்டு உரிமை வாங்கி, ஆர்ட் பேப்பரில் அச்சடிக்க முடிகிறது. 2010-ல் 'இரத்தப் படலம்' 18 பாகங்களும் ஒரே புத்தகமாக 200 ரூபாய்க்கு வந்தது அப்படித்தான். தவறவிட்டவர்கள் பிற்பாடு பழைய புத்தக வியாபாரிகளிடம் பல மடங்கு அழுதார்கள். ஆனால் சந்தா கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் என் வயசு. எங்களுக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி பவர் ஏறிக்கொண்டே போகிறது. லக்கி லூக், டால்டன் சகோதரர்கள் கதையையாவது மலிவுப் பேப்பரில் போட்டு பஸ் ஸ்டாண்டுகளில் தொங்கவிட்டுப் பார்க்கலாம். நஷ்டம் வந்தால் டெக்ஸ் ஈடுகட்டுவார்.

ஜனவரியில் சென்னை புத்தகக் காட்சிக்குப் போகிறேன். லக்கி லூக் இரண்டு பிரதி. ஒன்று அடுத்த வீட்டுப் பையனுக்கு.