உடல் கிடைக்காத தலைவர்: சங்கரன்கோவிலில் பூலித்தேவர் மறைந்த கதையும் வீரக்கதைகளின் ஈர்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பாளையக்காரர் காலத்து வீரக்கதைகள் இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தென்பாண்டிச் சீமையில் சொல்லப்பட்டு வருகின்றன. அவற்றுள், நெற்கட்டும்செவல் பூலித்தேவர் சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலுக்குள் சென்று மறைந்தார் என்னும் கதைமுடிவு தனித்தன்மை உடையது. அம்முடிவு நடுகல் மரபிலிருந்து விலகி அடியார் வரலாற்று மரபைத் தழுவி நிற்பதை இக்கட்டுரை காட்டுகிறது. ஒண்டிவீரன், வெண்ணிக்காலாடி ஆகியோரின் கதைகளோடு சேர்த்து அதனைப் படிக்கும்போது, காயம் யார் உடலில் விழுகிறது என்னும் வினா எழுவதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பூலித்தேவர், ஒண்டிவீரன், சங்கரன்கோவில், கதைப்பாடல், நடுகல், ஆர்தர் கதை

முன்னுரை

இடைக்கால ஐரோப்பாவின் நைட்டுகளைப் பற்றிய கதைகள் ஏன் இன்னும் சலிக்கவில்லை என்னும் வினா மேலை இலக்கியத் திறனாய்வில் பழையது. அவ்வினாவைத் தமிழ்ச் சூழலில் எழுப்புவோர் பெரும்பாலும் சங்கப் புறப்பாடல்களுக்கே செல்கின்றனர். க. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆங்கில நூல் அவ்வழியைத் திறந்து வைத்தது. பின்வந்தோர் அதிலேயே நடந்தனர். ஆனால் நைட்டு என்பவன் நிலம் பெற்று அதற்கு ஈடாகப் படை தந்தவன். குதிரையும் வாளும் விசுவாசமும் அவனுக்குரிய அடையாளங்கள். தமிழ்நாட்டில் அவனுக்கு நெருங்கிய உறவினன் சங்க மறவன் அல்லன். நாயக்கர் ஆட்சியில் உருப்பெற்ற பாளையக்காரனே. அவனைப் பற்றிய கதைகள் ஏட்டில் மட்டும் இல்லை. பேருந்து நிறுத்தங்களிலும் சுவரொட்டிகளிலும் வாழ்கின்றன. அவற்றின் ஈர்ப்பை ஆராய, முடிவே தெளிவாக இல்லாத ஒரு கதையை எடுத்துக்கொள்வது பயன்தரும்.

பதிவும் அதன் மௌனமும்

பூலித்தேவரைப் பற்றிய எழுத்துப் பதிவுகளில் முதன்மையானவை கும்பினிப் படையின் பக்கத்திலிருந்து வந்தவை. இராபர்ட் ஆர்ம் எழுதிய படை வரலாறும், அதனைப் பெரிதும் சார்ந்து கால்டுவெல் 1881இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாறும் அடிப்படைச் சான்றுகள். 1755இல் கர்னல் ஹெரானும் ஆர்க்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானும் திருநெல்வேலிச் சீமைக்கு வரி தண்ட வந்தனர். ஹெரான் நெற்கட்டும்செவல் கோட்டையின் முன் நின்று பணம் கேட்டார். பணம் வரவில்லை, படைக்கு வேண்டிய பொருளும் போதவில்லை, அவர் திரும்பினார். பின்னர்க் கான்சாகிபு என்னும் யூசுப்கான் நீண்ட போர்களுக்குப் பிறகு 1761இல் பூலித்தேவரின் கோட்டைகளைக் கைப்பற்றினார். 1767இல் கர்னல் கேம்பல் வாசுதேவநல்லூரைப் பிடித்தார். இதன்பின் பூலித்தேவர் என்ன ஆனார் என்பதற்குப் பதிவுகள் திட்டமான விடை தரவில்லை.

பதிவு நின்ற இடத்தில் கதை தொடங்குகிறது. பிடிபட்ட பூலித்தேவரைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுசெல்லும் வழியில் சங்கரன்கோவில் வந்தது; இறைவனை வணங்கிவர அவர் இசைவு கேட்டார்; உள்ளே சென்றவர் மனமுருகி வழிபட்டார்; விலங்குகள் தெறித்தன; ஒளியும் புகையும் எழுந்தன; வெளியே காத்திருந்த வீரர்கள் உள்ளே சென்று பார்த்தபோது எவரும் இல்லை. கோயிலுக்குள் அவர் பெயரால் வழங்கும் இடம் இன்றும் காட்டப்படுகிறது.

இக்கதையை ‘வரலாறு அன்று’ என்று ஒதுக்குவதும், ‘வரலாறே’ என்று நிறுவ முயல்வதும் ஆய்வேடுகளில் மாறி மாறி நிகழ்கின்றன. இரண்டுமே கதையைக் கதையாகப் படிக்கவில்லை. ஊர்ப்பெயரிலும் இதே கதி நேர்ந்துள்ளது. நெல் கட்டும் செவல், நெல் கட்டான் செவல் என்னும் இரு வடிவங்களில் எது மூலம் என்று வாதிடுகிறோம். ‘கட்டும்’ என்பதைக் ‘கட்டான்’ என்று மாற்றிச் சொல்லும்போது ஒரு சீமை முழுவதும் தன் நினைவை ஓர் எதிர்மறை விகுதியில் ஏற்றி வைத்திருப்பதைக் கவனிக்கத் தவறுகிறோம்.

உடலைப் பற்றிய போர்

பாளையக்காரர் கதைகளை அடுத்தடுத்துப் படிப்பவருக்கு ஒன்று தெரியவரும். போர் எவ்வாறு நடந்தது என்பதைவிட, தலைவனின் உடல் யார் கைக்குப் போனது என்பதிலேயே கதை மனம் தோய்கிறது. பூலித்தேவரை வென்ற கான்சாகிபுவே 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிடப்பட்டார். கயிறு அறுந்து போயிற்று, உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களில் புதைத்தனர் என்பது மக்கள் வழக்கு. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் அடக்கத்தலம் உள்ளது. வீரபாண்டிய கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் பலர் காணத் தூக்கிலிடப்பட்டார். வழிப்போக்கர் அங்கே கல் இட்டுச் சென்றனர். அது கற்குவியல் ஆயிற்று. ஊமைத்துரையின் கதை வேறொரு திருப்பம் உடையது. 1801இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபோது காயம்பட்டுக் கிடந்த அவரைப் பெண்கள் தூக்கிச் சென்று, துணியால் மூடி, அம்மை கண்டு இறந்தவன் என்று அழுது காத்தனர். தேடிவந்த வீரர்கள் அம்மைக்கு அஞ்சி விலகினர்.

துண்டாக்கப்பட்ட உடல், தொங்கவிடப்பட்ட உடல், மூடி மறைக்கப்பட்ட உடல் என்ற இவ்வரிசையில் பூலித்தேவரின் உடல் கடைசி எல்லைக்குச் செல்கிறது: அது இல்லாமலே போகிறது. தூக்கு என்பது கும்பினிக்குத் தண்டனை மட்டும் அன்று, காட்சியும் ஆகும். அக்காட்சிக்கு வேண்டிய முதற்பொருளையே சங்கரன்கோவில் கதை பறித்துக்கொள்கிறது. தோற்ற சீமை தன் தோல்வியை மறுக்கவில்லை. கோட்டை விழுந்ததைக் கதையும் ஒப்புக்கொள்கிறது. வென்றவனிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிடுவதோடு அது நிறைவடைகிறது. இக்கதையின் ஈர்ப்பு முதலில் இங்கேதான் இருக்கிறது எனக் கருதுகிறேன்.

நடுகல்லை விட்டு ஒளிக்கு

தமிழ் வீர மரபில் போரில் இறந்தவனுக்கு உரியது கல். காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் அதனைப் படிப்படியாக வகுக்கிறது. தென்மாவட்டங்களின் வில்லுப்பாட்டை ஆராய்ந்த ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், வன்முறையால் நேரும் சாவே நாட்டார் மரபில் மனிதனைத் தெய்வமாக்குகிறது என்று வாதிட்டார். நடுகல்லுக்கும் சுடலைமாடன் பீடத்துக்கும் இடையே ஓடும் ஒரு நீண்ட இழையை அவ்வாதம் விளக்குகிறது. பூலித்தேவர் கதை இவ்விழையில் அமரவில்லை. சிந்திய இரத்தம் இல்லை. எனவே கல்லும் இல்லை. கையறுநிலை பாடவும் இடம் இல்லை.

அதன் வேர் வேறிடத்தில் உள்ளது. நல்லூர்ப் பெருமணத்தில் திருமணக் கூட்டத்தோடு சோதியில் கலந்த சம்பந்தர், தில்லையில் பொருள் கேட்டவர்களுக்கு இறைவனையே காட்டி மறைந்த மாணிக்கவாசகர், திருவரங்கத்தில் அரங்கனோடு ஒன்றிய திருப்பாணாழ்வார் ஆகியோர் கதைகளே அதன் அச்சு. போர்வீரனுக்கு அடியாரின் முடிவு தரப்பட்டிருக்கிறது. சங்கரன்கோவில் அதற்குப் பொருத்தமான களம். அவ்வூர்த் தலபுராணம் முழுவதும் காட்சியைப் பற்றியது: சங்கன், பதுமன் என்னும் நாகர்களின் வழக்கும், கோமதியம்மன் தவமிருந்து ஒரே திருமேனியில் அரனையும் அரியையும் கண்டதும் ஆடித்தபசில் ஆண்டுதோறும் நினைக்கப்படுகின்றன. தெய்வம் தோன்றிய தலத்தில் தலைவர் மறைகிறார். கேட்போர் மனத்தில் இரண்டும் இயல்பாக ஒட்டிக்கொள்கின்றன.

ஆர்தரின் காயம்

மறைந்த தலைவனின் கதை உலகுக்குப் புதிதன்று. 1130களில் மன்மத் ஊர் ஜெஃப்ரி இலத்தீனில் எழுதிய வரலாற்றில் ஆர்தர் அரசன் கொடுங்காயத்தோடு அவலான் தீவுக்குக் கொண்டுசெல்லப்படுகிறான். அவன் மீண்டு வருவான் என்று வேல்ஸ் மக்கள் நம்பினர். 1191ஆம் ஆண்டளவில் கிளாஸ்டன்பரி மடத்துத் துறவிகள் ஆர்தரின் கல்லறையைக் கண்டெடுத்ததாக அறிவித்தனர். அடங்காத வேல்ஸ் மக்களின் நம்பிக்கையை முறிக்க, ஆண்ட மரபுக்கு அந்த எலும்புகள் பயன்பட்டன என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். ஆயினும் கதை அழியவில்லை. 1485இல் காக்ஸ்டன் அச்சிட்ட மாலரியின் நூலிலும், ஆர்தர் சாகவில்லை என்போரின் பேச்சு இடம்பெறுகிறது. உடல் இல்லாத தலைவன் ஆள்வோருக்குத் தொல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஒப்புமை இதுவரை எளிது. வேறுபாடே நம் கவனத்துக்கு உரியது. ஆர்தர் காயத்தோடு போகிறான். அவனுடைய நைட்டுகளும் அவன் வகுப்பினரே. வட்ட மேசையில் உடனமர்ந்தவர்கள். காயங்கள் அவர்களுக்குள்ளேயே பங்கிடப்படுகின்றன. நம்மிடையே செஞ்சித் தேசிங்குராஜன் கதையும் ஏறத்தாழ அத்தகையது. 1714இல் ஆர்க்காட்டு நவாபை எதிர்த்து இளவயதில் வீழ்ந்த தேஜ்சிங்கின் கதையில், மணமேடையிலிருந்து எழுந்து வரும் இசுலாமிய நண்பன் மடிகிறான், குதிரை மடிகிறது, தலைவனும் மடிகிறான். பெரிய எழுத்துப் பதிப்புகள் அக்கதையை விற்றுத் தீர்த்ததற்கு இந்தச் சமமான சாவும் ஒரு காரணம். பூலித்தேவர் உடலிலோ, நாம் கேட்கும் கதைமுடிவில், ஒரு கீறல்கூட இல்லை.

முளையும் கையும்

காயம் வேறெங்கே போயிற்று? நெற்கட்டும்செவலைச் சுற்றி வழங்கும் மற்ற இரு கதைகளைக் கேட்டால் விடை கிடைக்கும். அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த ஒண்டிவீரன் பகைவர் முகாமுக்குள் தனியே நுழைகிறார். பட்டத்துக் குதிரையையும் வாளையும் கவர்ந்துவர வேண்டும். குதிரை மிரள்கிறது, அவர் தீவனப் புல்லுக்குள் பதுங்குகிறார், குதிரையைக் கட்ட வந்தவன் அடித்த முளை அவர் உள்ளங்கையைத் துளைத்து மண்ணில் இறங்குகிறது. வாய் திறக்காமல் கிடக்கிறார். ஆள் அகன்றதும் தன் கையைத் தானே வெட்டி விடுவித்துக்கொண்டு, பீரங்கிகளைப் பகைவர் பக்கமே திருப்பிவிட்டுக் குதிரையில் மீள்கிறார். தேவேந்திரகுல வேளாளரான வெண்ணிக்காலாடியின் கதையில், கிழிந்த வயிற்றிலிருந்து சரிந்த குடலை உள்ளே தள்ளித் தலைப்பாகைத் துணியால் கட்டிக்கொண்டு அவர் போரிடுகிறார். பூலித்தேவரின் மடியில் உயிர் துறக்கிறார்.

இக்கதைகளின் ஆற்றல் மறுக்க முடியாதது. அறைகூவல், தனி வீரனின் நுழைவு, குதிரை, வாள், வலியை விழுங்கும் மௌனம் என வீரசாகசக் கதையின் உறுப்புகள் யாவும் ஒண்டிவீரன் கதையில்தான் முழுமையாக உள்ளன. ஆயின் மூன்று கதைகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, தலைவருக்கு ஒளியும் துணைவருக்குக் காயமுமாக உடல்கள் பங்கிடப்பட்டிருப்பது புலனாகிறது. தலைவரின் மடி நனைவதும் பிறர் இரத்தத்தால்தான்.

இப்பங்கீட்டில் கோயிலின் வாசலுக்கும் இடம் உண்டு. பூலித்தேவர் வழிபட இசைவு கேட்பது தம்மைப் பிடித்த படைத்தலைவனிடம்; கோயிலாரிடம் அன்று. உள்ளே செல்லும் உரிமை அவருக்கு ஐயமற்றது. பெரியபுராணத்து நந்தனார் தில்லைக்குள் செல்லத் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்பதை இங்கே நினைக்கலாம். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்தது 1939இல். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். பதினெட்டாம் நூற்றாண்டில் ஒண்டிவீரன் பிடிபட்டிருந்தால் சங்கரன்கோவிலில் மறைந்திருக்க இயலாது. கதை சொல்லிகள் இதனைத் திட்டமிட்டு அமைத்தார்கள் என்பது என் கருத்தன்று. கதை தன் காலத்து வாசல்களையே பயன்படுத்தியது, அவ்வளவே.

அருந்ததியர் தரப்பில் அண்மைப் பதிற்றாண்டுகளில் வெளிவந்த எழுத்துகள் ஒண்டிவீரனைப் பூலித்தேவரின் ஏவலராக அன்றிப் படைத்தளபதியாகவும், சில வேளைகளில் அவருக்கு நிகரான தலைவராகவும் முன்வைக்கின்றன. இதனை ‘கதைத் திரிபு’ என்று கடிவோர் உண்டு. பூலித்தேவரை ஒளியில் கலக்கச் செய்ததும் கதையின் வேலையே என்பதை அவர்கள் நினைப்பதில்லை. பாளையங்கோட்டையில் மணிமண்டபம் எழுந்ததும், 2022 ஆகஸ்ட் 20 அன்று அஞ்சல் தலை வெளியானதும் இம்மறுகூற்றின் பயன்கள். நடுகல் கிடைக்காதவருக்கு அரசு கல் நட்டது என்றும் சொல்லலாம்.

ஒண்டிவீரன் நினைவு நாளுக்கும், பூலித்தேவரின் பிறந்த நாளாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் முதல் நாளுக்கும் இடைவெளி பன்னிரண்டே நாள்கள். அந்நாள்களை ஒட்டித் தென்காசி மாவட்டத்தில் தடையுத்தரவு போடப்படுவதும், வாகனங்கள் சோதிக்கப்படுவதும் வழக்கமாகியுள்ளன. ஒரே போரில் ஒரே பக்கம் நின்றவர்களின் நினைவுகள் ஒரே சாலையில் சேர்ந்து செல்ல முடியவில்லை.

கதைப்பாடல் ஆய்வு இங்கே செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. நா. வானமாமலை 1970களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடுகளாகப் பதிப்பித்த கான்சாகிபு சண்டை, கட்டபொம்மு கதைப்பாடல் முதலியன ஏட்டையும் பாடகரையும் ஒப்பிட்டு அமைந்தவை. பூலித்தேவர் கதைக்கும் அத்தகைய ஒப்பீடு, ஊர்வாரியாக அன்றித் தெருவாரியாகச் செய்யப்பட வேண்டும். கோயிலுக்குள் மறைந்த நிகழ்ச்சியைப் பச்சேரியில் எப்படிச் சொல்கிறார்கள், அல்லது சொல்லாமல் விடுகிறார்கள்? வெட்டப்பட்ட கையின் கதை நெற்கட்டும்செவலின் மேலத்தெருக்களில் எந்த இடத்தில் வருகிறது? கேட்க வேண்டியவர்கள் முதியவர்கள். கேட்பதற்குரிய காலம் குறைவு.