வால்வுக்கு எத்தனை மார்க்?

வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? குமிழைத் திருகினால் உடனே பாடாது. உள்ளே ஆரஞ்சு வெளிச்சம் மெள்ள ஏறி, ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் கனைக்கும். உங்களுக்கு இருபது வயதென்றால் தாத்தாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வால்வு என்றைக்கோ காலமாகிவிட்டது என்று நினைத்திருந்தால், இல்லை. உலகத்தில் ஒரு கூட்டம் அதை இன்னமும் ஹெட்ஃபோனுக்கு முன்னால் வைத்து, விளக்கை அணைத்துவிட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டிருக்கிறது. இன்னொரு கூட்டம் அதே பெட்டியை ஆய்வுக் கருவியில் மாட்டி, மார்க் போட்டு, 'ஃபெயில்' என்று முத்திரை குத்துகிறது. 'காது சொல்வதைக் கேள்' என்கிறது முதல் கட்சி. 'கருவி சொல்வதைக் கேள்' என்கிறது இரண்டாவது கட்சி. பத்து வருஷம், இருபது வருஷம் முன்னால் செய்த வால்வு ஆம்ப்ளிஃபையரை இன்றைய கருவியில் அளப்பது நியாயமா? அளந்தால் யாருக்கு என்ன லாபம்?

'இது பணக்காரர் விளையாட்டு, எனக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மார்க்கை நம்புவதா, அனுபவத்தை நம்புவதா என்பது பள்ளிக்கூடத்தில் ஆரம்பித்து பிரஷர் குக்கர் வரைக்கும் நம்மைத் துரத்துகிற கேள்விதான்.

முதலில் எப்படி அளக்கிறார்கள் என்று பார்ப்போம். 1,000 ஹெர்ட்ஸ் சுத்தமான ஒற்றை ஸ்வரத்தை உள்ளே அனுப்புவார்கள். வெளியே வருவதில் அந்த ஸ்வரத்தைக் கழித்துவிட்டு, மிச்சம் இருக்கிற இரைச்சலையும் திரிபையும் சேர்த்துக் கூட்டி ஒரே எண்ணாகச் சொல்வார்கள். அதற்கு 'ஸினாட்' என்று பெயர். 60 டெசிபல் என்றால் ஆயிரத்தில் ஒரு பங்கு அழுக்கு. 120 டெசிபல் என்றால் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. இன்றைக்கு வருகிற நல்ல சில்லு ஆம்ப்ளிஃபையர்கள், அதிக விலை இல்லாதவைகூட, 110, 120 என்று அநாயாசமாக வாங்குகின்றன. வால்வுப் பெட்டி 60, 70 என்று தட்டுத்தடுமாறி நிற்கும். மார்க் லிஸ்டில் கடைசி பெஞ்ச்.

இங்கேதான் எனக்கு ஆட்சேபணை. நான் படித்தது பி.காம். ஒரு கம்பெனியின் நிகர லாபம் என்ற ஒற்றை வரியைப் பார்த்து ஷேர் வாங்குகிறவனை எங்கள் வாத்தியார் மனுஷனாகவே மதிக்கமாட்டார். அந்த லாபம் எப்படி வந்தது? வியாபாரத்தில் வந்ததா, நிலத்தை விற்று வந்ததா? அதையெல்லாம் அடிக்குறிப்பில்தான் தேடவேண்டும். ஆம்ப்ளிஃபையரிலும் அப்படித்தான்.

முதல் அடிக்குறிப்பு, எந்த ஹெட்ஃபோனை மனதில் வைத்து அளந்தார்கள் என்பது. அமெரிக்காவில் 'பாட்டில்ஹெட் கிராக்' என்று ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். உதிரியாக வாங்கி, நாமே சால்டரிங் செய்து பூட்டிக்கொள்ளவேண்டும். வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் போகாமல் வால்விலிருந்தே ஹெட்ஃபோனுக்கு ஓசை போகிற வகை. அதில் உழைக்கிற 6080 என்ற வால்வு பாட்டுக்காகப் பிறந்ததே இல்லை. பவர் சப்ளையில் வோல்டேஜைக் கட்டுக்குள் வைக்கப் பிறந்தது. இந்தப் பெட்டியின் வெளியீட்டுத் தடை ஏறக்குறைய 120 ஓம். இதில் 32 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் ஐந்தில் ஒரு பங்கு வோல்டேஜ்தான் காதுக்கு வரும். மீதி பெட்டிக்குள்ளேயே செலவு. திரிபும் எகிறும். 300 ஓம் ஹெட்ஃபோனை மாட்டினால் சமர்த்தாகப் பாடும். கிராக் செய்யப்பட்டதே அதற்காகத்தான். 32 ஓமில் மட்டும் அளந்து ஃபெயில் போடுவது, மாட்டுவண்டியை பைபாஸில் ஓட்டி வேகம் போதவில்லை என்று சொல்வது மாதிரி.

ஆனால், அளக்காமல் விட்டிருந்தால் 32 ஓம் ஹெட்ஃபோன் வைத்திருக்கும் அப்பாவி ஒருவர் காசைக் கொட்டி அதை வாங்கியிருப்பாரே? அவருக்கு அந்த அளவு எவ்வளவு பெரிய உபகாரம்! அளந்ததில் தப்பில்லை. அதைப் பொதுத் தீர்ப்பாக்கியதில்தான் தப்பு.

இரண்டாவது அடிக்குறிப்பு, எவ்வளவு சத்தத்தில் அளந்தார்கள் என்பது. பெரும்பாலும் 2 வோல்ட், 4 வோல்ட் வெளியீட்டில் அளப்பார்கள். சென்ஹைசர் ஹெச்.டி. 650 என்ற பிரபலமான 300 ஓம் ஹெட்ஃபோனுக்கு 1 வோல்ட் கொடுத்தாலே 103 டெசிபல் சத்தம் வரும். 4 வோல்ட் என்றால் 115. கல்யாண மண்டப நாதஸ்வரத்தில் காதை ஒட்டவைத்த மாதிரி. நீங்கள் நிதானமாகக் கேட்பது 80, 85 டெசிபலில். அதற்கு ஒரு வோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு போதும். பாட்டு திடீரென்று உச்சத்துக்குப் போகும்போது ஒரு வோல்ட்டைத் தொடலாம். எளிய வால்வு சர்க்யூட்டில் வோல்டேஜ் பாதியானால் முக்கியமான திரிபின் சதவிகிதமும் ஏறக்குறைய பாதியாகும். 4 வோல்ட்டில் 1 சதவிகிதம் என்றால் 1 வோல்ட்டில் கால் சதவிகிதம். ஆகவே எல்லா மட்டத்திலும் அளந்து படம் போட்டுக் காட்டுவதுதான் நியாயம். அப்படிக் காட்டினால் வால்வுக்குப் பாதகமான ஒன்றும் வெளியே வரும். சத்தத்தைக் குறைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் 'ஹம்' குறையாது. மெல்லிய ஆலாபனைக்குப் பின்னால் அது ரீங்காரமிட்டுக்கொண்டே இருக்கும்.

மூன்றாவது, என்ன மாதிரி அழுக்கு என்பது. வால்வு அதிகம் சேர்ப்பது இரண்டாவது ஹார்மோனிக். ஸ பாடினால் கூடவே மேல் ஸட்ஜம் லேசாக ஒலிக்கும். மூன்றாவது ஹார்மோனிக் மேல் பஞ்சமம். இவை மூலஸ்வரத்தின் நிழலிலேயே ஒளிந்துகொள்ளும். ஏழாவது, ஒன்பதாவது ஹார்மோனிக்குகள் அப்படி ஒளியாமல் காதைப் பிறாண்டும். ஸினாட் இவை எல்லாவற்றையும் ஒரே தராசில் போடுகிறது. 1950-லேயே பி.பி.சி.யின் ஷார்ட்டர் என்ற இன்ஜினீயர் இதைத் திருத்தச் சொன்னார். அவர் கணக்குப்படி, இரண்டாவது ஹார்மோனிக்குக்கு 1 என்று எடை போட்டால் ஏழாவதுக்கு 12 போடவேண்டும். 2003-ல் ஏர்ல் கெடஸும் லிடியா லீயும் ஆட்களை உட்காரவைத்துச் சோதித்து, மொத்தத் திரிபு சதவிகிதத்துக்கும் காதுக்குப் படுவதற்கும் உருப்படியான சம்பந்தம் இல்லை என்றார்கள்.

கவனித்தீர்களா? அளவுகோல் கோணல் என்று கண்டுபிடித்தவர்களும் அளந்துதான் கண்டுபிடித்திருக்கிறார்கள். 'இசையை அளக்க முடியாது' என்று கண்ணை மூடிக்கொண்டு அல்ல.

நம் ஊர் ஆசாமி ஒருவரையும் சாட்சிக்கு அழைக்கலாம். 1921-ல் சி.வி.ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கம்பியை மீட்டினால் இன்னின்ன ஹார்மோனிக் வரக்கூடாது என்று ஐரோப்பிய விதி ஒன்று இருந்தது. தம்புரா அதை மீறி எல்லாவற்றையும் ஒலித்தது. காரணம், குதிரையின் வளைவும் அதில் செருகும் ஜீவா நூலும். ராமன் அளந்ததால் தம்புராவின் மானம் போகவில்லை. அதன் அழகு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது.

உடனே வால்வுக் கட்சி கைதட்டவேண்டாம். தம்புரா வாத்தியம். ஆம்ப்ளிஃபையர் வாத்தியம் இல்லை. கச்சேரி முடிந்து, ரிக்கார்டிங்கும் முடிந்த பிறகு, அது பாட்டுக்கு நடுவில் தன் சுருதியைச் சேர்க்கிறது. 'இரண்டாவது ஹார்மோனிக் இனிமை' என்பதும் பாதி உண்மைதான். ஒற்றைக் குரலுக்கு இனிமை. 1,000 ஹெர்ட்ஸும் 1,100 ஹெர்ட்ஸும் சேர்ந்து ஒலித்தால் அதே கோணல் 100 என்றும் 2,100 என்றும் யாரும் வாசிக்காத ஸ்வரங்களைப் பெற்றெடுக்கும். ஐம்பது வயலின் வாசிக்கும்போது அது சேறு. விற்பவர்களோ 'வெதுவெதுப்பான ஓசை' என்று விளம்பரத்தில் எழுதிவிட்டு, வெளியீட்டுத் தடை எவ்வளவு என்ற ஒரே ஒரு எண்ணைப் பல சமயம் சொல்வதில்லை.

அந்த வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறது? ஹெச்.டி. 650-இன் தடை எல்லா ஸ்வரத்துக்கும் 300 ஓம் இல்லை. 100 ஹெர்ட்ஸ் பக்கத்தில் 500-ஐ ஒட்டிப் போகும். 120 ஓம் பெட்டியில் மாட்டினால் அந்த இடத்தில் சுமார் 1 டெசிபல் கூடுதலாக ஒலிக்கும். கீழ்க்கட்டை கொஞ்சம் கனமாகும். மாயம், மந்திரம் எதுவும் இல்லை. ஓம் விதி.

1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 'ஸ்டீரியோஃபைல்' பத்திரிகைக்கு ஒரு சவால் விட்டார். நீங்கள் மெச்சுகிற ஆம்ப்ளிஃபையர் எதையாவது கொடுங்கள், என்னுடைய டிரான்சிஸ்டர் பெட்டியை அதே மாதிரி பாடவைக்கிறேன் என்றார். கிடைத்தது விலை உயர்ந்த ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர். ஸ்பீக்கருக்கானதுதான், ஆனால் விஷயம் ஒன்று. கார்வர் ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, ஒன்றின் வெளியீட்டை மற்றதிலிருந்து கழித்துக் கழித்து, மிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் செய்தார். பத்திரிகைக்காரர்களின் பழகிய காதுகளால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. வால்வின் மகிமை கட்டுக்கதை என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த மகிமை அளக்கக்கூடியது என்று அர்த்தம்.

கடைசியாக, 'பழைய' என்ற வார்த்தை. வால்வு தேயும். கண்டென்ஸர் காயும். இருபது வருஷப் பெட்டி ஒன்றை அளக்கும்போது வருகிற எண் வடிவமைத்தவரின் மார்க்கா, அந்த ஒரு பெட்டியின் உடம்பு நிலையா? கணக்கில் இதற்குத் தேய்மானம் என்று தனி வரியே உண்டு. எந்த வால்வு, எத்தனை வருஷம் ஓடியது, உள்ளே என்ன மாற்றினார்கள் என்று சொல்லாமல் தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

ஆனால், செகண்ட்ஹேண்டில் வாங்கப்போகிற உங்களுக்குத் தேவை வடிவமைத்தவரின் கீர்த்தி அல்ல, அந்தப் பெட்டியின் உடம்பு நிலைதான். இந்த வகைச் சர்க்யூட்டில் வால்வில் நிற்கும் உயர் வோல்டேஜுக்கும் உங்கள் ஹெட்ஃபோனுக்கும் நடுவே காவலாக நிற்பது ஒரு கண்டென்ஸர். அது கசிந்தால் ஹெட்ஃபோன் அம்பேல். நல்ல காது உள்ள ரசிகருக்கும் இது முன்கூட்டித் தெரியாது. ஐந்து நிமிஷ மீட்டர் சோதனைக்குத் தெரியும்.

ஆகவே வாங்கும் முன் கேளுங்கள். வெளியீட்டுத் தடை எவ்வளவு? என் ஹெட்ஃபோனின் ஓமில், நான் கேட்கும் சத்தத்தில் திரிபு எவ்வளவு, எந்த ஹார்மோனிக்? ஹம் எவ்வளவு? டி.சி. கசிகிறதா? நாலு எண்ணும் சரியாக இருந்து, பாட்டும் பிடித்திருந்தால், 65 மார்க் என்று ஊரே சிரித்தாலும் தைரியமாக வாங்குங்கள். மார்க் லிஸ்டைக் கேட்டதும் விற்பவர் முறைத்தால், வாங்காதீர்கள்.

வாங்கியபின் பெட்டியைத் திறந்து கையை விடவேண்டாம். உள்ளே 150 வோல்ட்டுக்கு மேல் ஓடும். அதற்கு உங்கள் ரசனை தெரியாது.