டெபியன் அமைப்புச் சட்டம்: கட்டளையற்ற ஆட்சியும் கணக்கில் வராத உழைப்பும்

முன்னுரை

ஊதியமோ பணி ஒப்பந்தமோ இன்றிப் பல நாடுகளில் சிதறி வாழ்வோர் ஒரு பொது ஆக்கத்தைப் பல்லாண்டுகள் பேணி வருகையில், அவர்களுக்கிடையே எழும் பிணக்குகளைத் தீர்ப்பது எது? கட்டற்ற மென்பொருள் குழுக்களை ஆராய்வோர் தவிர்க்கவியலாத வினா இது. லினக்ஸ் கருவை அடிப்படையாகக் கொண்ட டெபியன் இயங்குதளத் திட்டம் இதற்கு எழுத்து வடிவில் விடை தந்த முன்னோடிகளுள் ஒன்று. இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டம், 1997இல் சமூக ஒப்பந்தத்தையும் 1998 டிசம்பரில் அமைப்புச் சட்டத்தையும் ஏற்றுக்கொண்டது. தேர்தலும் வாக்கெடுப்பும் இடம்பெறுவதால் அச்சட்டம் பெரும்பாலும் மக்களாட்சி ஆவணமாகவே போற்றப்படுகிறது. அதனை ஒரு பனுவலாக நுணுகி வாசிக்கும்போது வேறொரு தன்மை புலப்படுகிறது. பெரும்பான்மையின் ஆட்சியை நிறுவுவதைக் காட்டிலும், எவரையும் பணிக்க இயலாத ஓரிடத்தில் அதிகாரத்தை மட்டுப்படுத்துவதையே அது முதன்மை நோக்கமாகக் கொண்டுள்ளது. அந்நோக்கத்தின் வலிமையையும் வரம்பையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பணிக்கும் உரிமை இன்மை

சட்டத்தின் இரண்டாம் பிரிவிலேயே ஓர் அடிப்படை விதி வந்துவிடுகிறது. திட்டத்திற்காக உழைக்குமாறு இச்சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தாது. ஒப்படைக்கப்பட்ட வேலையைச் செய்ய விரும்பாதவர் அதைச் செய்ய வேண்டியதில்லை. எனினும் முறைப்படி எடுக்கப்பட்ட முடிவுகளுக்கு எதிராக அவர் செயல்படக்கூடாது என்பது அதன் சாரம். ஏனைய விதிகள் யாவும் இதன் விளைவுகளாகவே அமைகின்றன. ஒவ்வொரு உறுப்பினருக்கும் தம் பணியைப் பொறுத்து முடிவெடுக்கும் உரிமை உண்டு. ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் திட்டத் தலைவர், உறுப்பினர்களின் ஒத்த கருத்தைப் பின்பற்ற முயலவேண்டும். தம் கருத்தை மிகையாக முன்னிறுத்தலாகாது. அவரால் பொறுப்பளிக்கப்பட்டோர் ஒரு முடிவை எடுத்துவிட்டால் அதன்பின் அவ்வதிகாரத்தை அவர் திரும்பப் பெற இயலாது. தொழில்நுட்பக் குழு இறுதிப் புகலிடமாக மட்டுமே தலையிடலாம். ஓர் உறுப்பினரின் முடிவை மாற்ற அக்குழுவில் மூன்றுக்கு ஒன்று என்னும் பெரும்பான்மை தேவை.

வாக்கெடுப்பின் அளவீடும் இத்தகையதே. விருப்ப வரிசைப்படி வாக்களிக்கும் இம்முறையில், உறுப்பினர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தில் பாதியை மும்மடங்காக்கிக் குறைவெண் கணிக்கப்படுகிறது. 900 உறுப்பினர் இருப்பதாகக் கொண்டால் வர்க்கமூலம் 30, அதிற்பாதி 15, அதன் மும்மடங்கு 45. எத்தெரிவும் வேண்டாம் என்னும் இயல்புத் தெரிவுக்கு மேலாக 45 பேர் வரிசைப்படுத்தினாலே ஒரு தீர்மானம் குறைவெண்ணை எட்டிவிடும். ஒரு நாடாளுமன்றத்தின் நோக்கில் இது மிகக் குறைவு. வாக்களிப்பதும் உழைப்பே, அவ்வுழைப்பையும் கட்டாயப்படுத்த இயலாது என்னும் நோக்கில் இவ்வெண் பொருத்தமுடையதாகிறது.

இவ்விதியின் மறுபக்கம் 2019இல் வெளிப்பட்டது. அவ்வாண்டுத் தலைவர் தேர்தலுக்கு உரிய காலத்திற்குள் ஒருவரும் முன்வரவில்லை. வேட்பாளர் இல்லையெனில் காலத்தை ஒரு வாரம் நீட்டவேண்டும், தேவையாயின் மீண்டும் நீட்டவேண்டும் என்பதே சட்டம் கூறும் ஒரே தீர்வு. நீட்டிப்புக்குப் பின் வேட்பாளர்கள் முன்வந்தனர். ஆயினும் அதிகாரத்தை அளந்து பங்கிடத் தெரிந்த சட்டம், அதனை ஏற்பவர் இல்லாதபோது காத்திருப்பதன்றி வேறு வழி அறியாதது என்பதை இந்நிகழ்வு காட்டிற்று.

தொடக்க நிரல் பிணக்கு

கணினி இயங்கத் தொடங்கும்போது ஏனைய நிரல்களை எழுப்பும் அடிப்படை நிரலாக எதனைக் கொள்வது என்னும் வினா 2014இல் இச்சட்டத்தைக் கடுமையாகச் சோதித்தது. தொழில்நுட்பக் குழுவில் சிஸ்டம்டி, அப்ஸ்டார்ட் என்னும் இரண்டுக்கும் ஆதரவு சரிபாதியாகப் பிரிந்தது. குழுத் தலைவரின் முடிவு வாக்கால் பிப்ரவரியில் சிஸ்டம்டி ஏற்கப்பட்டது. பிற மென்பொருள்கள் ஒரே தொடக்க நிரலைச் சார்ந்திருக்கலாமா என்பது குறித்து அவ்வாண்டின் பிற்பகுதியில் பொதுத் தீர்மானம் முன்மொழியப்பட்டது. பல தெரிவுகளுள், பொதுத் தீர்மானமே தேவையில்லை என்னும் தெரிவு வென்றது.

இவ்விளைவு ஆழ்ந்து நோக்கத்தக்கது. வாக்காளர்கள் வாக்களித்தே வாக்கெடுப்பின் தேவையை மறுத்தனர். பொறுப்பு மீண்டும் தனித்தனிப் பராமரிப்பாளரிடம் சென்றது. இரண்டாம் பிரிவின் உணர்வுக்கு இது முழுதும் இசைவானது. எனினும் தோற்றவர் நிலையை இது ஆற்றவில்லை. அத்தீர்மானத்தை முன்மொழிந்தவரும், 1998இல் திட்டத் தலைவராக இருந்து இச்சட்டத்தை வரைந்தவருமான இயன் ஜாக்சன் தொழில்நுட்பக் குழுவிலிருந்து விலகினார். உடன்படாதோர் தேவுவான் என்னும் கிளைத் திட்டத்தை அறிவித்தனர். அதன் முதற்பதிப்பு 2017இல் வெளிவந்தது. 2019 இறுதியில் நிகழ்ந்த மற்றொரு வாக்கெடுப்பில், சிஸ்டம்டியை ஏற்றவாறே மாற்றுகளை ஆராய்வதற்கும் ஆதரவளிக்கும் தெரிவு வென்றது.

பொருளியலறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970இல் வெளியிட்ட நூலில், அமைப்பின் சரிவுக்கு உறுப்பினர் காட்டும் எதிர்வினைகளை வெளியேறல், குரலெழுப்பல் என இரண்டாகப் பகுத்தார். கட்டற்ற உரிமத்தால் வெளியேறுவோர் நிரலையும் உடன்கொண்டு செல்லலாம். ஆகவே வெளியேறல் இங்கு எளிதெனக் கருதப்படுவதுண்டு. ஆனால் நிரலைப் படியெடுக்கலாம். பல்லாண்டுப் பழக்கத்தால் உருவான நம்பிக்கையைப் படியெடுக்க இயலாது. வெளியேறும் உரிமையைச் சிறுபான்மைக்கான போதிய பாதுகாப்பாகக் கொள்ளும் வாதம் இவ்விழப்பைக் கணக்கில் கொள்வதில்லை.

உறுப்பினர் யார்?

சட்டத்தின் மூன்றாம் பிரிவு உறுப்பினரை வரையறுக்கிறது. மென்பொருள் பொதிகளைப் பராமரிப்போர், அல்லது தலைவரால் பொறுப்பளிக்கப்பட்டோர் தகுதியுடையதெனக் கருதும் வேறு பணியைச் செய்வோர் என அவ்வரையறை அமைகிறது. ‘அல்லது’ என்னும் சொல்லுக்கு முன்னுள்ள பணி தானே தகுதி தருவது. பின்னுள்ளது பிறர் மதிப்பீட்டை வேண்டி நிற்பது. மொழிபெயர்ப்பு, ஆவணம் எழுதுதல், வடிவமைப்பு, பயனர்க்கு உதவுதல் ஆகிய அனைத்தும் இந்த இரண்டாம் இடத்தில் வைக்கப்பட்டன. எழுத்தில் வழி திறந்திருந்தும், பொதி பராமரிக்காத பங்களிப்பாளரையும் முழு உறுப்பினராக வரவேற்பதாக வெளிப்படையாக உரைக்க 2010இல் ஒரு பொதுத் தீர்மானம் வேண்டியிருந்தது.

மானிடவியலர் கேப்ரியெல்லா கோல்மன் 2013ஆம் ஆண்டு நூலில், டெபியனின் உறுப்பினர் சேர்க்கை நடைமுறையை அறவுணர்வை வளர்க்கும் பயிற்சியாக விளக்குகிறார். உள்ளே நுழைந்தோரைப் பொறுத்தவரை அவ்விளக்கம் செறிவானது. வாயிலில் நிற்போரை நோக்கின் அதே நடைமுறை, எவ்வுழைப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்பதைத் தீர்மானிக்கும் சல்லடையுமாகிறது. டெபியன் நிறுவி தமிழிலும் இயங்குகிறது. அதற்குரிய சொற்களை ஆக்குவோரின் உழைப்பின்றி அவ்வசதி இல்லை. ஆயினும் மொழிபெயர்ப்பாளருக்கு வாக்குரிமை அவ்வுழைப்பால் தானே வாய்ப்பதில்லை. மென்பொருளின் மொழியாக்கத்தை ஆராய்வோர் கலைச்சொற்களின் தரத்தோடு இவ்வுரிமை வேறுபாட்டையும் கருதவேண்டும்.

முடிவுரை

டெபியன் அமைப்புச் சட்டத்தின் சாதனை, தலைவரும் குழுவும் தன்னார்வ உழைப்பின் மீது அதிகாரம் செலுத்தாதவாறு காத்ததாகும். அதன் குறையும் அங்கேயே பிறக்கிறது. கட்டளையிடுவோரிடமிருந்து உழைப்போரைக் காக்கும் சட்டம், ஒருவருடைய உழைப்பு உழைப்பாகவே மதிக்கப்படாத நிலையிலிருந்து அவரைக் காக்கும் விதியை அதே தெளிவுடன் வகுக்கவில்லை. தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை எத்துணை நுட்பமானது என்பதைவிட, தேர்ந்தெடுக்கும் உரிமையை யார் எப்பணியால் அடைகிறார் என்பதே இத்தகைய சட்டங்களை மதிப்பிடும் முதல் அளவுகோலாக அமையவேண்டும்.