அநாதைக் குட்டியும் கமக்காரன் பிள்ளையும்

இலக்கிய ஏடொன்றில் யானைக்குட்டிகளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஒரு சமுதாயம் தன் கருணையை எவர்மீது, எவ்வாறு சொரிகிறது என்பது, அதன் இலக்கியத்தைப் போலவே அதன் உள்ளத்தைக் காட்டுவதாகும். ஆதலின், நாவலையுஞ் சிறுகதையையும் நிறுக்கும் அதே தராசில், நம் நாட்டின் யானைக்குட்டிப் பராமரிப்பு நிலையங்கள் இரண்டினை இங்கு நிறுத்துப் பார்க்க முற்படுகிறோம்.

முதலாவது, கேகாலைக்கு அண்மையிலுள்ள பின்னவலை. தாயை இழந்த காட்டு யானைக்குட்டிகளைக் காப்பதற்கென 1975 ஆம் ஆண்டில் வனசீவராசிகள் திணைக்களம் அதனைத் தொடங்கியது. 1978 இல் அது தேசிய விலங்கியற் பூங்காத் திணைக்களத்தின் கைக்கு மாறியது. அக்கைமாற்றத்தோடு அதன் நோக்கமும் மெல்ல மாறிற்று என்பதே நமது கருத்து. 1982 இல் இனப்பெருக்கத் திட்டம் ஆரம்பமாயிற்று. 1984 இல் முதற் குட்டி பிறந்தது. அநாதைகளுக்கென எழுந்த இல்லம், அங்கேயே பிறந்து மனிதர் பிடியிலேயே முதுமையுறும் யானைகளின் இல்லமுமாயிற்று. நாள்தோறும் இருமுறை மந்தை மகா ஓயாவுக்கு நீராடச் செல்லும். உல்லாசப் பிரயாணிகள் கரையில் நின்று படம் பிடிப்பர். பணங் கொடுத்துக் குட்டிக்குப் பாற்போத்தல் பிடிக்கும் வழக்கமும் வளர்ந்தது.

அங்கே வளர்ந்த 'சாமா' என்னும் யானை, கண்ணிவெடியில் முன்காலொன்றின் பாதத்தை இழந்தது. அதன் முன் நின்று 'ஐயோ பாவம்' என்றவர் பலர். அந்த வெடி மண்ணுக்குள் வந்த வரலாற்றை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்? காரணத்தைக் கேளாத இக்கருணை, நம் வணிகப் பத்திரிகைக் கதைகள் வாசகரிடம் கறக்கும் கண்ணீருக்கு உடன்பிறப்பு. ஊழியரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அவ்வுழைப்பு காட்சிப் பொருளாக்கப்பட்டதையே குறை கூறுகிறோம்.

இரண்டாவது, உடவளவை நீர்த்தேக்கத்தின் அருகே 1995 இல் வனசீவராசிகள் திணைக்களம் அமைத்த இடைத்தங்கல் நிலையம். 'இடைத்தங்கல்' என்ற சொல் நம் மக்களுக்குப் புதிதன்று. போர்க்காலத்தில் ஊரிழந்தோர் அதனைத் தம் உடம்பால் அறிந்தனர். அங்கிருப்பவர் என்றோ ஒருநாள் தம்மூர் திரும்பவேண்டும் என்பதே அச்சொல்லின் நியாயம். உடவளவை அந்நியாயத்தைக் கைக்கொள்கிறது. மூன்று மணித்தியாலத்துக்கொரு முறை குட்டிகளுக்குப் பாலூட்டப்படுகிறது. எஞ்சிய நேரம் அவை பற்றைக்காட்டிற் கூட்டமாகத் திரிகின்றன. பார்க்க வருவோர் தூரத்து மேடையில் நிற்கவேண்டும். தொட்டுக் கொஞ்ச இயலாது. ஏறத்தாழ ஐந்து வயதானதும், ஒன்றாய் வளர்ந்தவை ஒன்றாகவே காட்டில் விடப்படுகின்றன. 1998 இல் தொடங்கி நூற்றுக்கு மேற்பட்டவை இவ்வாறு திரும்பியுள்ளன. அவற்றுட் சில காட்டிற் குட்டியும் ஈன்றுள்ளன. தன்னிடம் வந்த உயிரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளாமையே இந்நிலையத்தின் சிறப்பு.

ஆயினும், இயற்கைக் கல்வி என்ற வகையில் உடவளவையிலும் நாம் நிறைவு காணவில்லை. மாணவர்களோடு அங்கு சென்றிருந்தபொழுது, குட்டிகள் பால் குடிப்பதைக் கண்டு எல்லோரும் மகிழ்ந்து நின்றனர். ஒருவன் மட்டும் பேசாதிருந்தான். கிழக்கின் காட்டோரக் கிராமமொன்றைச் சேர்ந்தவன். வயற்காவலுக்குப் போன சிற்றப்பனை யானைக்குப் பறிகொடுத்தவன். திரும்பும் வழியில் அவன் கேட்டான்: "சேர், யானை அடிச்சுச் செத்த ஆக்கள்ர பிள்ளையளுக்கும் இப்பிடி ஒரு வீடு இரிக்கா?"

நாம் விடையின்றி நின்றோம். அது யானைமீது கொண்ட பகையால் எழுந்த கேள்வியன்று. கருணையின் பங்கீட்டைப் பற்றிய கேள்வி.

குட்டி ஏன் அநாதையாகிறது? தாய் சுடப்படுகிறது, அல்லது, விரட்டப்படும் கூட்டத்திலிருந்து குட்டி பிரிந்துபோகிறது. காய்கறிக்குள் ஒளித்துவைக்கும் 'ஹக்க பட்டாஸ்' வெடி வாயைச் சிதைத்து, பசியால் அணுவணுவாகக் கொல்கிறது. இவற்றைச் செய்பவனைக் கொடியவன் என்று கூறிவிடுதல் எளிது. ஆனால் உடவளவைக் காட்டின் கதை என்ன? ஆற்றை மறித்து நீர்த்தேக்கம் எழுந்தது. 1972 இல் தேசிய வனம் பிரகடனமாயிற்று. அங்கு சேனைப்பயிர் செய்துவந்த ஏழைகள் படிப்படியாக அகற்றப்பட்டனர். யானையும் உழவனும் ஒரே அபிவிருத்தியினால் நெருக்கப்பட்டவர்கள். 2023 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 450 இற்கு மேற்பட்ட யானைகளும், இந்த மோதலிலே 150 இற்கு மேற்பட்ட மக்களும் மாண்டனர். மாண்ட மக்களுட் பெரும்பாலோர் காட்டோரத்து ஏழைகள். நகரத்திலிருந்து வந்து மேடையில் நின்று பார்ப்பவனுக்கு இப்போரில் இழப்பு எதுவுமில்லை.

யானைகள் உலவும் நிலத்திற் பெரும்பகுதி, பாதுகாக்கப்பட்ட வனங்களுக்கு வெளியே, மக்களும் வாழும் நிலமாகும். அதனாலேதான் திணைக்கள எல்லைகளை ஒட்டி இடப்பட்ட மின்வேலிகள் பலவற்றின் இருபுறமும் யானைகள் நிற்கின்றன. இதற்கு மாறாக, கிராமத்தையும் வயலையும் சுற்றிக் கமக்காரரே வேலியிட்டு, தாமே பராமரித்து, வயல்வேலியை அறுவடை முடிந்ததும் அகற்றிவிடும் முறை சில இடங்களிற் பயன் தந்துள்ளது. பயிர் மனிதனுக்கு, அறுவடைக்குப் பின் தாளடி யானைக்கு. 2020 இல் வகுக்கப்பட்ட தேசிய செயற்றிட்டமும் இத்தகைய வேலிகளை வற்புறுத்தியது. இதில் உழவன் குற்றவாளியல்லன், காவலாளன்.

உண்மையான இயற்கைக் கல்வி இங்கேதான் தொடங்கவேண்டும். பால் குடிக்கும் குட்டியைக் காட்டுமிடத்தில், அந்த வேலியைக் கட்டிய கமக்காரனும் மாணவர் முன் நின்று பேசவேண்டும். அவன் பேசாத நிலையம், எத்துணை நல்லதாயினும், பாதிக்கதை சொல்லும் நூலே. மறுபாதியை ஆசிரியர்களாகிய நாமாவது வகுப்பறையிற் சொல்வோம். அந்தச் சிறுவனுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.