இரண்டு காயில், நான்கு முனை: பயோனியர் சப் ஊஃபரும் ஆம்பும்

பயோனியர் டிஎஸ்-டபிள்யூ312டி4 சப் ஊஃபரையும் ஜிஎம்-டி8701 மோனோ ஆம்பையும் என் காரில் பொருத்திய முதல் வாரம் எனக்குப் பெருத்த ஏமாற்றம். மிருதங்கத்தின் தொப்பி நெஞ்சில் அதிர வேண்டிய இடத்தில் மெல்லிய முனகல்தான் கேட்டது. ஒலியைக் கூட்டினால் கரகரத்தது. குறை கருவிகளில் இல்லை, பொருத்திய கடையின் வயரிங்கில் இருந்தது.

12 அங்குல அளவுள்ள இந்த சப் ஊஃபருக்குள் தலா 4 ஓம் கொண்ட இரண்டு காயில்கள். அதனால் பின்னால் நான்கு முனைகள். இரண்டையும் சீரிஸில் இணைத்தால் 8 ஓம், பேரலலில் இணைத்தால் 2 ஓம். ஆம்ப் தொடர்ந்து தரும் திறன் 4 ஓமில் 300 வாட், 2 ஓமில் 500, 1 ஓமில் 800. சப் ஊஃபர் தொடர்ந்து தாங்குவதும் 500 வாட்தான்; பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 1600 கணநேர உச்சம் மட்டுமே. ஆகவே 2 ஓம்தான் சரியான ஜோடி. கடையில் சீரிஸில், அதாவது 8 ஓமில் இணைத்துவிட்டதால், 4 ஓமுக்குரிய 300 வாட்டில் ஏறக்குறைய பாதிதான் எனக்குக் கிடைத்திருக்கிறது.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு நானே வயர்களை மாற்றினேன். இரண்டு பாசிட்டிவ் முனைகளையும் ஒன்றாக, இரண்டு நெகட்டிவ் முனைகளையும் ஒன்றாகச் சேர்த்தேன். இதில் ஒரு காயில் தலைகீழாக மாறினால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். பேஸ் வராது, காயில் சூடாகும். ஆம்பில் சொருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்தேன். 2 ஓமுக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அப்படிக் காட்டுவதுதான் இயல்பு.

மின்சாரப் பக்கமும் முக்கியம். 4 கேஜ் சுத்தச் செம்பு வயர் போட்டேன். செம்புப் பூச்சுள்ள அலுமினியம் அதே தடிமனில் அவ்வளவு மின்னோட்டம் தாங்காது. பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் பியூஸ் இருக்க வேண்டும். அது காப்பது ஆம்பை அல்ல, வயரையும் காரையும். எர்த் வயரைக் குட்டையாக வைத்து, பெயின்ட் சுரண்டிய வெறும் தகட்டில் முடுக்கினேன். ஸ்டீரியோவின் சிக்னலைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயர்களை மின்சார வயருக்கு மறுபக்கமாக இழுத்ததும் இன்ஜினோடு சேர்ந்து வந்த ரீங்காரம் நின்றது.

கெயின் திருகி ஒலியைக் கூட்டும் குமிழ் அல்ல. ஸ்டீரியோவின் சிக்னலுக்கு ஆம்பை இசைவாக்கும் திருகி. 2 ஓமில் 500 வாட் என்றால் சுமார் 31.6 வோல்ட். சப் ஊஃபரைக் கழற்றி, 50 ஹெர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசியில் வைத்து, அந்த அளவுக்குச் சற்று முன்பே நிறுத்தினேன். லோ பாஸ் ஃபில்டரை 80 ஹெர்ட்ஸில் வைத்தேன்.

இப்போது தொப்பியின் கும்கி தெளிவாக விழுகிறது. பாடகர் குரலை அது மூடுவதில்லை. ஆம்போடு வரும் வயர் ரிமோட்டில், ஓட்டும்போதே பேஸைக் குறைக்க முடிவது பெரிய வசதி. டிக்கியில் பாதி இடம் போவதுதான் குறை.

ஒரே சப் ஊஃபர் வைப்பவர்களுக்கு இந்த ஜோடியைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஆனால் கடையை விட்டு வண்டியை எடுக்கும் முன், ஆம்ப் முனையில் எத்தனை ஓம் என்று மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.