‘போடா’வுக்கு என்ன விலை?

2020 செப்டம்பரில் யுவன் சங்கர் ராஜாவும் ‘மெட்ரோ’ சிரிஷும் சேர்ந்து நிற்கிற ஒரு படம் வைரலானது. சிரிஷின் டி-ஷர்ட்டில் மூணே வார்த்தை: ‘ஹிந்தி தெரியாது போடா’. இந்தி தெரியாது என்றதற்கு, ‘நீங்கள் இந்தியரா?’ என்று சென்னை விமான நிலையத்தில் தன்னிடம் கேட்டார்கள் என கனிமொழி சொல்லி ஒரு மாசம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் திருப்பூருக்கு ஆர்டர் குவிந்தது.

வாசகத்தின் உயிர் ‘போடா’வில் இருக்கிறது. அதிகாரத்தை ஒருமையில் விரட்டுகிற சுகம். ஆனா அது தமிழ் எழுத்தில் இருக்கு. டெல்லி அதிகாரிக்குப் படிக்கத் தெரியாது. படித்துச் சிரிப்பது நாமதான். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பீஸ் ரேட்டுக்கு உழைக்கிற பீகார், ஒடிசாக்காரர்களுக்கும் அது வெறும் டிசைன்.

அப்போ விற்றது தப்பா? அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தச் சட்டையைப் பார்த்துவிட்டு இருமொழிக் கொள்கையைத் தேடிப் படித்த கல்லூரிப் பிள்ளைகள் உண்டு. என் கேள்வி லாபத்தின் கணக்கு பற்றியது. அந்த மூணு வார்த்தைக்குச் சந்தையில் மதிப்பு வந்தது டிசைனரால் மட்டுமா? 1939-இல் கைதிகளாகவே செத்துப்போன நடராசனும் தாளமுத்துவும், 1964-இல் திருச்சியில் தீக்குளித்த சின்னசாமியும் போட்ட முதல் அது.

எங்கள் மாகறலில் பஸ் ஏறினால் காஞ்சிபுரம், அண்ணா பிறந்த நெசவாளர் ஊர். 1953-இல் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி நெசவாளர்கள் தவித்தபோது, அண்ணாவும் திமுகவினரும் துணியைத் தோளில் போட்டுத் தெருத்தெருவாக விற்றார்கள். துணியில் வாசகம் இல்லை. விற்றதுதான் அரசியல். யாருக்காக வாங்குகிறோம் என்று வாங்கியவருக்குத் தெரியும்.

எங்கள் சாப்ட்வேர் தொழிலில் ஜிபிஎல் என்று ஒரு உரிமம். ஊரார் எழுதிய கோடை எடுத்துக் காசு பண்ணலாம், தடையில்லை. ஆனால் அதை மாற்றி விற்றால், மாற்றியதின் மூலக் கோடையும் வாங்குபவருக்குத் தர வேண்டும். பொதுச் சொத்தில் பிழைப்பவன் பொதுவுக்குப் பட்ட கடன் அது.

முழக்கத்துக்கு அப்படி ஒரு உரிமம் கிடையாது. அதனால் வாங்குகிற நாமதான் கேட்கணும்: தைத்தவருக்கு என்ன கூலி? லாபத்தில் ஒரு பங்காவது தமிழ்வழிப் பள்ளிக்கோ, ஒரு நூலகத்துக்கோ போகுதா? பதில் சொல்லாத கடைக்காரரிடம் சொல்லத்தான் அந்த டி-ஷர்ட்டிலேயே ஒரு நல்ல வார்த்தை இருக்கே.